இரட்டைக்கொம்பு

இதழினி கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்ததும் சுடர்விழி முதலில் மோந்து பார்ப்பது மகளின் தலையைத்தான். கட்டிப்பிடிக்கிற சாக்கில் மூக்கை வகிட்டில் வைத்து ஒரே ஒரு இழுப்பு. செம்பருத்தி வாசனை வந்தால் அபிநயா தலைக்கு ஊற்றிவிட்டிருக்கிறாள் என்று அர்த்தம். அன்று முழுக்க வயிறு எரியும். வெறும் சோப்பு வாசனை என்றால், பிள்ளையின் தலையைக்கூடக் கவனிக்காதவள் என்ன பொம்பளை என்று எரியும். ஆக, எப்படி இருந்தாலும் எரியும்.

அபிநயா, சுடர்விழியின் முன்னாள் கணவன் தரணிதரனின் இரண்டாவது மனைவி. தரணியை அவள் கட்டிக்கொண்டதில் சுடருக்குத் துளி வருத்தமில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்த நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளையைப் பங்கு போட வேண்டி வந்ததுதான் தாங்கவில்லை. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலையில் திருச்சியிலிருந்து ரயில். ஞாயிறு மாலை திரும்பி வரும்போது பையில் புது ஹேர்கிளிப், டப்பாவில் எள்ளுருண்டை, நகத்தில் மருதாணி. சுடர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, "நல்லாருக்கே" என்று சொல்லி, இருந்த இடம் தெரியாமல் வைத்துவிடுவாள்.

சுடருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. இதழினி அவளை 'நீ' என்பாள். அபிநயாவை 'நீங்க' என்பாள். மரியாதை இருக்கிற இடத்தில் ஒட்டுதல் இருக்காது என்று சுடர் அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பதிலுக்கு அபிநயாவுக்கு இவள் ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை. அவ, இவ, அந்தப் பொம்பள, அவ்வளவுதான்.

இதழினிக்கு ஒளிக்கூச்சம். அவள் வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. ஒளிரும் திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் கண்ணில் நீர் கொட்டும், தலை பிளக்கும், வாந்தி வரும். எதனால் வந்தது என்று டாக்டர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி, வகுப்பில் உட்கார்ந்தால் கறுப்புக் கண்ணாடி. போனும் கிடையாது, டேப்லெட்டும் கிடையாது. அதற்குத்தான் சிலேட்டு.

சிலேட்டு என்றால் பலப்பம் வைத்து எழுதுகிற பழைய சிலேட்டு இல்லை. ஒரு காலத்தில் மலிவு விலையில் லட்சக்கணக்கில் விற்று, பிறகு வாசிக்க ஆளில்லாமல் வீட்டு மூலையில் கிடந்த மின்வாசிப்பான்கள்தான் அவை. தாள் மாதிரி மங்கலான திரை, வெளிச்சம் கிடையாது. புத்தகம் தவிர வேறெதையும் காட்டாதபடி நிறுவனம் போட்ட பூட்டை உடைத்து, உள்ளே வேறு மென்பொருளை ஏற்றி, தட்டச்சுப் பலகை சேர்த்தால் முழு டேப்லெட்டாகிவிடும். பாடம் படிக்கலாம், மெசேஜ் அனுப்பலாம், படம் வரையலாம். வீடியோ மட்டும் ஆகாது. போட்டால் ஆட்கள் தபால்தலையை மாற்றி மாற்றி ஒட்டினது மாதிரி விட்டுவிட்டு நகர்வார்கள். பெரிய கடை வீதியில் சுடர்விழியும் ஷாகுல் பாயும் சேர்ந்து நடத்துகிற கடையில் தினம் இருபது சிலேட்டாவது தயாராகும். இதழினியின் சிலேட்டைச் சுடரே உட்கார்ந்து செய்து கொடுத்தாள், பின்பக்கம் ஒரு மீன் படம் பொறித்து.

இந்தத் திரைகளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தைத் திருப்பினாலும் முந்தைய பக்கம் முழுசாகப் போகாது. சுவரில் அழித்த கரிக்கோடு மாதிரி லேசாக நிழல் நிற்கும். மலிவுச் சரக்கில் இன்னும் அதிகம். ஒரு பக்கம் எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ அவ்வளவு ஆழமாகப் பதியும். கண்ணுக்குத் தெரியாத அந்த நிழல்களை அடுக்கடுக்காகப் பிரித்தெடுக்க ஷாகுல் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு நிழல்வாசிப்பு என்று பெயர் வைத்தார்கள். எழுதி வைத்ததைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஒரே சிக்கல், நிழலில் சின்னக் குறிகள் முதலில் மறைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி போய்விடும். இரட்டைக்கொம்பின் மேல்சுழி மங்கி ஒற்றைக்கொம்பு மாதிரி நிற்கும். விட்டுப்போனதைப் போட நிரப்பி என்று ஒரு மென்பொருள் இருந்தது. அது கைக்குழந்தையாக இருந்த நாளில் ஒரு தலைமையாசிரியரின் சுற்றறிக்கையை மீட்டுக் கொடுத்தார்கள். எல்லாப் புள்ளியையும் சரியாகப் போட்ட நிரப்பி, 'கல்வி வளர்ச்சி நாளை மாணவர்கள் சிறப்பாகக் கொண்டாட வேண்டும்' என்பதில் முதல் சொல்லுக்கு மட்டும் புள்ளி வைக்க மறந்துவிட்டது. அவரும் படித்துப் பார்க்காமல் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் கடைக்கு வந்து அவர் நின்ற நிலையை நினைத்தால் சுடருக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகு பாய் நிரப்பிக்குக் கைநடை கற்றுக் கொடுத்தார். சிலேட்டுக்காரர் எழுதிய பழைய மெசேஜ்களை அதனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் எந்தச் சொல்லை எங்கே போடுவார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டு நிரப்பும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வந்தது. போன வருடத்திலிருந்து நீதிமன்றங்களில்கூட நிழல்வாசிப்புத் தாளைச் சாட்சியாக வாங்கிக்கொண்டார்கள். கடைச் சுவரில் பாய் ஒரு அட்டை எழுதி மாட்டினார்: 'உங்கள் சிலேட்டை மட்டும் கொண்டு வரவும்.' வாடிக்கையாளர் கேட்டால் அதற்கு விளக்கம் சொல்கிற வேலை சுடருடையது. நன்றாகவே சொல்வாள்.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் ஒளிக்கூச்சப் பிள்ளைகளுக்கென்று ஒரு மங்கொளிப் பள்ளி திறந்தார்கள். மகள் பள்ளி நாட்களில் தன்னோடு இருக்கட்டும், விடுமுறைக்கு அம்மாவிடம் வரட்டும் என்று தரணி குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டான். அங்கிருந்த ஆலோசகர் அம்மா இதழினியைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள், "எங்க இருந்தாலும் எனக்கு ஓகேதான்" என்று சொல்லிவிட்டாள்.

"பதினொரு வயசுப் புள்ள பேசுற பேச்சா பாய் இது?" என்று சுடர் கடையில் பொரிந்தாள். "சொல்லிக் குடுத்த பேச்சு. எல்லாம் அவ வேல."

மறுபடி செவ்வாய்க்கிழமை விசாரணை. அன்று முடிவாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில், பேட்டரி வீங்கியிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லி இதழினியின் சிலேட்டைச் சுடர் கடைக்கு எடுத்து வந்தாள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஷாகுல் பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புகிற வரைக்கும் அதைத் தொடவில்லை. அவர் செருப்புச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் முன்கதவைச் சாத்தி, மீன் படம் போட்ட மூடியைக் கழற்றினாள்.

தப்பு என்று தெரியும். தெரிந்துதான் செய்தாள். அங்கே என் பிள்ளை என்னவாக இருக்கிறாள், யார் மடியில் தலை வைக்கிறாள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதெல்லாம் அபிநயாவுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாது. அதை நினைக்கும்போது தப்பு சரியெல்லாம் நினைவில் நிற்கவில்லை.

நிழல்கள் அடுக்கடுக்காக வந்தன. கணக்குப் பாடம், பூனை படம், மறுபடி கணக்கு. நடுவில் மூன்று பக்கங்கள் நாட்குறிப்பு. எழுதிவிட்டு அழித்திருக்கிறாள். நிரப்பி வழக்கம்போல, 'கைநடை?' என்று கேட்டது. சுடர் யோசிக்காமல் பட்டியலில் முதலில் இருந்த தன் மெசேஜ் கணக்கைத் தொட்டாள். ஒரு நிமிடம் சுற்றிவிட்டு, திரையில் கறுகறுவென்று எழுத்து வந்தது.

முதல் பக்கம்: 'சித்தி எனக்கு நாலு கால் பின்னல் போட்டுவிட்டாங்க. கண்ணாடில பாத்துக்கிட்டே இருந்தேன். செம அழகு. அம்மாகிட்ட பொய் சொன்னேன். அம்மா ஒண்ணுமே சொல்லல.'

இரண்டாவது பக்கம்: 'சித்தி பூரி சுட்டாங்க. பந்து மாதிரி உப்புச்சு. எட்டு சாப்பிட்டேன். அம்மாகிட்ட பொய் சொன்னேன். அம்மா அன்னிக்குச் சாப்பிடவே இல்ல.'

மூன்றாவது பக்கம் மற்ற இரண்டையும்விட அழுத்தமாகப் பதிந்திருந்தது: 'சித்திகூட அந்த ஸ்கூலப் பாக்கப் போனேன். அங்க யாருமே கறுப்புக் கண்ணாடி போடல. கண்ணு வலிக்கவே இல்ல. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இனிமே அம்மாகிட்ட பொய் சொல்லக் கூடாது. அம்மா பாவம்.'

சுடர்விழி மூன்று முறை படித்தாள். பொய், பொய், பொய். அவள் நினைத்தது எல்லாம் சரி. அங்கே போய் வருகிற பிள்ளை பொய் சொல்லப் பழகியிருக்கிறது. யார் பழக்கியது? பூரி சுடுகிறவள்தான். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதோடு கடைசி வரி நெஞ்சில் குளிர்ந்து இறங்கவும் செய்தது. இனிமேல் அம்மாவிடம் பொய் சொல்லக் கூடாதாம், அம்மா பாவமாம். என் பிள்ளை என் பிள்ளைதான், எவள் எத்தனை பின்னல் போட்டுவிட்டால் என்ன. 'ரொம்பப் பிடிச்சிருந்துச்சு' என்று நடுவில் இருந்ததைக் கண் மூன்று முறையும் தாண்டிப் போய்விட்டது.

மூன்று பக்கத்தையும் அச்செடுத்தாள். செவ்வாய்க்கிழமை இதை மேசையில் வைத்தால் போதும். மங்கொளிப் பள்ளியும் கிடையாது, இரண்டாவது நான்காவது சனிக்கிழமையும் கிடையாது. அபிநயாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த முகத்தை நினைக்கச் சந்தோஷமாக இருந்தது.

பாய் திரும்பி வந்து தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைப்பதற்குள் தாள்கள் அவர் கைக்குப் போய்விட்டன.

"இதப் படிங்க பாய். அப்புறம் சொல்லுங்க நான் சந்தேகப்பட்டது தப்பான்னு."

பாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "யாரு சிலேட்டு தங்கச்சி இது?"

"இதழோடது."

"இதழுக்குத் தெரியுமா?"

"நான் அவளப் பெத்தவ பாய்."

"அதனாலதான் கேக்குறேன். தெரியுமா?"

சுடர் தாளைத் தட்டிக் காட்டினாள். "மூணு பக்கம், மூணு தடவ. பொய் சொன்னேன், பொய் சொன்னேன்னு அவளே எழுதி வச்சிருக்கா. என் புள்ளைக்கு இந்தப் புத்தி எங்கேந்து வந்துச்சு? அவ கத்துக் குடுத்திருக்கா. செவ்வாக்கெழம இத நான் குடுக்கத்தான் போறேன்."

பாய் நிதானமாக மூன்றையும் படித்தார். திரும்ப முதல் தாளுக்கு வந்தார். "கைநடைக்கு யாரோட மெசேஜக் குடுத்த?"

"என்னோடது. வழக்கம் போல..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள்.

"வழக்கமா யாரோடது குடுப்போம்?"

"சிலேட்டுக்காரங்களோடது."

"இத எழுதுனது நீயா?"

இதையே சுடர் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அடுத்தவர் எழுத்தை உங்கள் நடையில் நிரப்பினால் அது உங்கள் மனதைத்தான் எழுதும் சார், அவர் மனதை இல்லை என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். தன் முறை வந்தபோது மட்டும் அந்த விரல் எங்கே போனதோ.

பாய் சிலேட்டை இழுத்து நிரப்பியை நிறுத்தினார். கறுப்பு எழுத்துகள் போய், நிழல் மட்டும் நின்றது. சாம்பல் நிறத்தில், புள்ளியில்லாமல், மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி. அந்த ஒரு சொல்லைப் பெரிதாக்கிக் காட்டினார். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ப, பின்னால் ஒரு கால், ஒரு ய. கொம்பின் தலையில் லேசாக ஒரு அழுக்கு. சுழியாகவும் இருக்கலாம், வெறும் அழுக்காகவும் இருக்கலாம்.

"ஒத்தக்கொம்பா, ரெட்டக்கொம்பா? சொல்லு."

"தெரியல பாய்."

"எனக்கும் தெரியல. நிரப்பிக்கும் தெரியாது. அந்தக் காலத்துல ஓலையில எழுதுனவங்க புள்ளியும் வைக்கல, ரெட்டக்கொம்பும் போடல. படிக்கிறவன் புரிஞ்சு படிச்சுக்கட்டும்னு விட்டுட்டாங்க. இந்தக் கழுதைக்குப் புரிஞ்சு படிக்கத் தெரியுமா? உன் நாலு வருச மெசேஜப் பொரட்டிப் பாத்திருக்கு. உன் வாயில எது அதிகமா வருதோ அத எடுத்துப் போட்டிருச்சு."

அவர் ஒரு பொத்தானை அழுத்த, நிரப்பி தன் காரணத்தைக் காட்டியது. சுடர்விழி எழுதியதில் 'பொய்' அறுநூற்று நாற்பது இடத்தில். 'போய்' பதினொரு இடத்தில்.

"அறுநூத்தி நாப்பதா?" என்றாள் சுடர் மெதுவாக.

"தரணிக்குத்தான் எல்லாம். பொய் சொல்லாத, நீ சொல்றது பொய், உன் பொண்டாட்டி சொல்றது பொய்." பாய் தாளை அவளிடமே நீட்டினார். "ரெட்டக்கொம்பு போட்டு ஒரு தடவ நீயே படி தங்கச்சி. நிரப்பி வேணாம். இதழோட கட்டுரைங்களக் குடுத்து மறுபடி ஓட்டலாம்தான். ஆனா அவகிட்ட கேக்காம நான் ஓட்ட மாட்டேன்."

வாசலில் யாரோ திரை உடைந்த சிலேட்டோடு நின்றார்கள். பாய் எழுந்து போய்விட்டார்.

சுடர்விழி பேனாவை எடுத்து, முதல் தாளில் அந்தக் கொம்புக்கு மேல் ஒரு சுழி போட்டாள்.

அம்மாகிட்ட போய் சொன்னேன். அம்மா ஒண்ணுமே சொல்லல.

போய்த்தான் சொன்னாள். நிரப்பி எதுவும் தேவைப்படவில்லை, சுடருக்கு நினைவு வந்துவிட்டது. அந்த ஞாயிறு மாலை, பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்று, தலையைத் திருப்பிக் காட்டினாள். "அம்மா, இங்க பாரேன், நாலு கால் பின்னல்! எப்படி இருக்கு?" சுடர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையை உட்கார வைத்து, "எண்ணெ வைக்கணும்" என்று அந்தப் பின்னலை ஒவ்வொரு காலாகப் பிரித்துப் போட்டாள். எண்ணெய் வைத்தாள். வழக்கமான ரெட்டைச் சடை போட்டாள். வலிக்கிறது என்றுகூட இதழினி சொல்லவில்லை.

இரண்டாவது தாளிலும் சுழி போட்டாள். அதுவும் நினைவிருந்தது. "சித்தி சுட்ட பூரி பந்து மாதிரி உப்புச்சும்மா, நான் எட்டு சாப்பிட்டேன்." சுடர் தன் தட்டைத் தள்ளி வைத்து, பசியில்லை என்று எழுந்து போனாள். வேண்டுமென்றுதான் செய்தாள். பிள்ளை பார்க்கட்டும் என்றுதான் செய்தாள். இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்.

மூன்றாவது தாளுக்குப் பேனா போகத் தயங்கியது. நிரப்பி போட்ட 'பொய்'களில் அவளுக்கு இனித்தது இந்த ஒன்றுதான். இனிமே அம்மாகிட்ட பொய் சொல்லக் கூடாது. அதை மட்டுமாவது அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஒரே பிள்ளை, ஒரே நாட்குறிப்பு. அங்கே ரெட்டைக்கொம்பு, இங்கே மட்டும் ஒற்றைக்கொம்பா?

சுழி போட்டாள்.

இனிமே அம்மாகிட்ட போய் சொல்லக் கூடாது. அம்மா பாவம்.

அபிநயா பொய் சொல்லக் கற்றுக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பாள். யாரும் எதுவும் கற்றுக் கொடுக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொன்ன பிள்ளை, சொன்னால் அம்மா பின்னலைப் பிரிப்பாள், சாப்பாட்டைத் தள்ளுவாள் என்று தெரிந்துகொண்டு வாயை மூடிவிட்டது. எங்க இருந்தாலும் ஓகேதான் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. அது இவள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அப்போதும் அபிநயாவின் மேல் இருந்த எரிச்சல் ஒரு துளி குறையவில்லை. அந்த நாலு கால் பின்னல் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. சுடருக்கு அதைப் போடத் தெரியாது.

மறுநாள் நான்காவது சனிக்கிழமை. பத்தரைக்கு ரயில். காலையில் எழுந்து சுடர்விழி பூரி சுட்டாள். ஏன் பூரி என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. போட்டிக்கு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பூரியோ எண்ணெயில் போட்டது போட்டபடி படுத்துக் கிடந்தது. கரண்டியால் தட்டிக் கொடுத்தும் எழவில்லை.

இதழினி எதுவும் சொல்லாமல் பிய்த்துக் கிழங்கோடு சாப்பிட்டாள். பக்கத்தில் சிலேட்டு இருந்தது, மீன் படம் மேலே தெரிய.

"இதழ்."

"ம்."

"உன் சிலேட்ட நான் படிச்சேன்டா. நீ அழிச்சதெல்லாம்."

"தெரியும்," என்றாள் மகள், தலை நிமிராமல்.

"எப்படித் தெரியும்?"

"பேட்டரி நல்லாத்தானம்மா இருந்துச்சு." இன்னொரு விள்ளல் பிய்த்தாள். "கடையில எல்லாருக்கும் அதத்தான பண்ணுற. என்னிக்காவது எனக்கும் பண்ணுவன்னு தெரியும்."

சுடர் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா எழுதி வச்ச?"

"அந்தக் கடைசிப் பக்கத்த ரெண்டு நாள் அப்படியே தெறந்து வச்சிருந்தேன். தெறந்து வச்சா ஆழமாப் பதியும்னு நீதான சொல்லுவ."

"நான் படிக்கணும்னா?"

இதழினி தோளைக் குலுக்கினாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருந்ததால் அழுகிறாளா என்று தெரியவில்லை. "வாயால சொன்னா நீ சாப்பிட மாட்ட. பின்னல அவுத்துப் போடுவ."

சுடர் விரலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்டன்னு எழுதிட்டு, அதுக்கப்புறம் என்ன எழுதியிருந்த?" என்று கேட்டாள் சுடர். தெரிந்துதான் கேட்டாள். ஒருவேளை, ஒருவேளை என்று ஒரு ஆசை.

"போய் சொன்னேன்னு. ஏன், வேற என்னவா இருக்கும்?"

"ஒண்ணுமில்ல. சரியாத் தெரியல, அதான்."

சுடர் மகளின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டது. எழுந்து போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து விட்டு வந்து சுடர் சொன்னாள்:

"செவ்வாக்கெழம அந்த ஆலோசகர் ஆன்ட்டி மறுபடி கேப்பாங்க. ஓகேதான்னு சொல்லாத. உனக்கு என்ன வேணுமோ அதச் சொல்லு."

இதழினி கையிலிருந்த விள்ளலைத் தட்டில் வைத்தாள்.

"சொன்னா நீ சாப்பிடுவியா?"

செவ்வாய்க்கிழமை யார் கேட்கப்போகிற கேள்வியும் இவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று சுடருக்குத் தோன்றியது. "சாப்பிடுவேன்," என்றாள்.

"இப்பவே?"

"இப்பவே. சொல்லு."

"எனக்கு அந்த ஸ்கூல்ல படிக்கணும்மா." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தாள், "லீவுக்கெல்லாம் இங்க வந்துருவேன். தெனமும் சிலேட்டுல எழுதி அனுப்புறேன். அழிக்க மாட்டேன்."

சுடர் பூரி ஒன்றைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிய்த்தாள். அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. வாயில் போட்டு மென்றாள். இறங்கவில்லை, தண்ணீர் குடித்து இறக்கினாள். மகள் அவள் தட்டையே, கண்ணைக் கொட்டாமல், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று முடிந்தது. இரண்டாவதை எடுத்தாள்.

இதழினியின் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு மெதுவாக, கதவைத் தட்டிப் பார்க்கிற குரலில் சொன்னாள்:

"சித்தி சுட்டா உப்பும்."

எரிந்தது. தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் கோடு போட்டமாதிரி எரிந்தது. கை தட்டைத் தள்ளத்தான் போனது. பழகிய கை. சுடர்விழி அதை இழுத்துப் பிடித்து இன்னொரு விள்ளல் பிய்க்க வைத்தாள்.

"ஏன்டா அப்படி உப்புது அங்க?"

"மாவுல கொஞ்சம் ரவ போடுவாங்க. எண்ணெ நல்லாக் காயுற வரைக்கும் போடவே மாட்டாங்க."

சுடர் மென்று விழுங்கினாள்.

"ரவ எவ்வளவு போடுவாங்களாம்?" என்று கேட்டாள்.

மகள் தட்டிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள்.